ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடுமா?

நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் வைத்தியச் சீட்டு ஒன்று உண்டு. அதில் எந்த வைத்தியரும் கையெழுத்திட்டதில்லை; அதைக் காட்டி எந்த மருந்துக் கடையிலும் மருந்து வாங்க முடியாது. மாதந்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பெண்ணைப் பார்த்துப் பாட்டியானவள் முதலில், "பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் உண்டுதான், பொறுத்துக்கொள்" என்பாள். வலி மிகுந்தால், "கல்யாணம் ஆனால் சரியாய்ப் போய்விடும்" என்பாள். கல்யாணமும் நடந்து, வலியும் போகாவிட்டால், "ஒரு குழந்தை பிறக்கட்டும், இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடும்" என்று கடைசி மருந்தையும் சொல்லிவிடுவாள்.

பாட்டியின்மேல் நமக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் அவளுடைய பாட்டி இதையேதான் சொன்னாள். ஆயினும் இந்தச் சீட்டில் அடங்கியுள்ள விபரீதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த வலிக்கு மூலகாரணமாய் இருக்கக்கூடிய வியாதிகளில் முக்கியமான ஒன்று, குழந்தைப் பேற்றுக்கே தடையாக நிற்பது. கதவைப் பூட்டிவிட்டு, "உள்ளே மருந்து இருக்கிறது, போய் எடுத்துக்கொள்" என்று சொல்வது போன்ற வைத்தியம் அல்லவா இது?

அந்த வியாதியின் பெயர் எண்டோமெட்ரியோஸிஸ். பெயர் சுலபமாக வாயில் நுழையாது என்பது மெய்தான். ஆனால் வியாதி அப்படியொன்றும் அபூர்வமானதன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. சர்க்கரை வியாதியைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் கூட உரக்கப் பேசுகிற நாம், இதைப் பற்றி அடுக்களையில் கூடக் கிசுகிசுப்பதில்லை.

இடம் மாறி வளரும் படலம்

கருப்பையின் உட்சுவரில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. வரப்போகும் விருந்தாளிக்கு மெத்தை விரிப்பதுபோல, மாதந்தோறும் அது தடித்துக் கொழுத்துத் தயாராகிறது. கரு வந்து தங்காவிட்டால், அந்தப் படலம் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய்.

எண்டோமெட்ரியோஸிஸ் கண்ட பெண்ணுக்கு, இந்தப் படலத்தைப் போன்ற திசு, இருக்கத் தகாத இடங்களிலும் வளர்கிறது. முட்டைகளை வைத்துக் காக்கும் சினைப்பை, முட்டையைக் கருப்பைக்குக் கொண்டு சேர்க்கும் கருக்குழாய், வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் சவ்வு, சில சமயங்களில் குடல், மூத்திரப்பை முதலிய இடங்களிலெல்லாம் அது வேரூன்றுகிறது. எங்கே இருந்தாலும் அதன் சுபாவம் மாறுவதில்லை. உடலில் சுரக்கும் ஹார்மோன்களின் கட்டளைக்குப் பணிந்து அதுவும் மாதந்தோறும் தடிக்கிறது. அதிலும் இரத்தம் கசிகிறது. ஆனால் அந்த இரத்தம் வெளியேறுவதற்கு வழி ஏது? அங்கேயே தங்கி, சுற்றிலும் அழற்சியை உண்டாக்குகிறது. நாளடைவில் வடுக்கள் தோன்றுகின்றன. கோந்து தடவியதுபோல் உறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிக் கருஞ்சிவப்பாய்க் குழம்பிக் கட்டியாகிவிடுவதும் உண்டு. இதைச் "சாக்லெட் கட்டி" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இனிப்பெல்லாம் பெயரோடு சரி.

இந்த வியாதியை 1860-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ரோகிடான்ஸ்கி என்னும் பேராசிரியர் வர்ணித்து எழுதினார். பிறகு அமெரிக்காவில் ஆல்பனி நகரத்தில் வைத்தியம் செய்து வந்த ஜான் ஸாம்ப்ஸன் என்பவர் 1927-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி, கீழ்நோக்கி வெளியேறாமல் கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுகிறது என்றும், அதிலுள்ள திசுக்களே அங்கே முளைவிடுகின்றன என்றும் அவர் கூறினார். இக்கொள்கை இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் இப்படிப் பின்னோக்கிப் பாய்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறதென்று பிற்கால ஆராய்ச்சியால் தெரிந்தது. ஆகவே சிலருக்கு மட்டும் வியாதியாக முற்றுவதற்கு, பரம்பரையும் உடலின் எதிர்ப்புச் சக்தியில் உள்ள மாறுபாடும் துணைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தாய்க்கோ சகோதரிக்கோ இந்த வியாதி இருந்தால், ஒரு பெண்ணுக்கு இது வரக்கூடிய சாத்தியம் அதிகம். வெயிலில் அலைந்ததால் வந்தது, வேளைக்குச் சாப்பிடாததால் வந்தது என்றெல்லாம் பெண்ணின் தலையில் பழியைப் போடுவதற்கு ஆதாரமே இல்லை.

மௌனத்துக்குக் கொடுக்கும் விலை

முதன்முதலில் வலி தோன்றிய நாளுக்கும், "இன்ன வியாதி" என்று ஒரு டாக்டர் பெயர் சொல்லும் நாளுக்கும் இடையே, பல தேசங்களிலும் நான்கு முதல் பன்னிரண்டு வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. பதினான்கு வயதில் வலி தொடங்கிய பெண்ணுக்கு, இருபத்தைந்து வயதில், அதுவும் கல்யாணமாகிக் குழந்தை இல்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான், விஷயம் தெரிய வருகிறது. அதற்குள் அவளுடைய கருக்குழாயும் சினைப்பையும் என்ன பாடுபட்டிருக்குமோ!

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வகுப்பிலுள்ள பெண்களிடமிருந்து "வயிற்றுவலி" என்ற காரணத்துடன் விடுமுறைக் கடிதங்கள் வருகின்றன. வாங்கி வைத்துக்கொள்கிறோம். வருகைப் பதிவேட்டைக் காலண்டரோடு வைத்துப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு பெண் மாதத்துக்கு இரண்டு மூன்று நாட்கள், ஏறத்தாழ ஒரே இடைவெளியில், வருஷம் முழுவதும் வராமல் இருப்பது புலனாகும். பரீட்சையில் அவள் குறைந்த மார்க்கு வாங்கினால் அறிவுரை சொல்லத் தவறுவதில்லை. அந்த நாட்களை எண்ணிப் பார்ப்பவர்கள்தான் அருமை. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அந்தப் பதிவேடு தக்க விடை தரும்.

நாணம் ஒரு காலத்தில் உயிரையே வாங்கியது. ஆண் டாக்டரிடம் உடலைக் காட்டக் கூசி, வைத்தியமில்லாமல் மாண்ட பெண்களைக் கண்டு மனம் வருந்தித்தான், மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1885-இல் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி சென்னையில் ஏற்படுவதற்கு அவர் காரணமாக இருந்தார். கோஷா ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அழைத்த அந்த ஸ்தாபனமே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியாக விளங்குகிறது. 1912-இல் நம்முடைய முத்துலக்ஷ்மி ரெட்டியார் டாக்டர் பட்டம் பெற்றார். இன்றைக்கோ ஒவ்வொரு ஊரிலும் பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். டாக்டர் கிடைக்காத குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வாய் திறந்து சொல்வதில் உள்ள குறைதான் இன்னும் தீரவில்லை.

அப்படியானால், மாதவிடாய் வலி எல்லாமே இந்த வியாதியா? அல்லவே அல்ல. முதல் ஓரிரு நாட்கள் அடிவயிறு கனத்து வலிப்பதும், வெந்நீர் ஒத்தடத்துக்கோ சாதாரண வலி மாத்திரைக்கோ அது அடங்குவதும் அநேகருக்கு இயல்பு. ஆனால் மாத்திரைக்கும் அடங்காமல் பள்ளியையும் வேலையையும் மாதந்தோறும் நிறுத்த வைக்கும் வலி, வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகும் வலி, விலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் உண்டாகும் வலி, மற்ற நாட்களிலும் விடாமல் இடுப்பில் இருக்கும் வலி, விவாகமான பெண்ணுக்குத் தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் தோன்றும் வலி - இவை இயல்பானவை அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் பெண்கள் வைத்திய நிபுணரிடம் காட்டுவது அவசியம்.

முன்பெல்லாம் வயிற்றில் சிறு துவாரமிட்டுக் குழாய் விட்டுப் பார்க்கும் லாப்ராஸ்கோபி செய்தால்தான் வியாதியை உறுதிப்படுத்தலாம் என்று எண்ணியிருந்தார்கள். ஐரோப்பிய நிபுணர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, எல்லாருக்கும் அது தேவையில்லை. நோயாளி சொல்லும் விவரங்களையும் ஸ்கேன் பரிசோதனையையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம். ஆனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் வியாதியே இல்லை என்று தீர்மானித்துவிடக் கூடாது; சிறு புள்ளிகளாய்ப் படர்ந்திருப்பவை ஸ்கேனில் தென்படாமல் போகலாம்.

குழந்தைப் பேற்றுக்கு என்ன தடை?

குறையொன்றும் இல்லாத இளம் தம்பதிகளுக்கு ஒரு மாதத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடிய வாய்ப்பு, நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குழந்தை இல்லாமல் வைத்தியம் தேடும் பெண்ணுக்கு இந்த வியாதியும் இருந்தால், அது இரண்டு முதல் பத்து வரையில் குறைந்துவிடுகிறது. இந்த வியாதி கண்ட பெண்களில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் வரை குழந்தைப் பேற்றில் தாமதமோ தடையோ காண்கிறார்கள். இந்த எண்களைப் படிக்கும் சகோதரிகள் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும்: வாய்ப்புக் குறைகிறது என்பது வேறு, வாய்ப்பே இல்லை என்பது வேறு. பாதிக்கு மேற்பட்டவர்கள் பெரிய சிரமமின்றித் தாயாகிறார்கள்.

தடை பல வழிகளில் நேருகிறது. ஒட்டுக்கள் காரணமாகக் கருக்குழாய் வளைந்தோ அடைபட்டோ போனால், முட்டையும் உயிரணுவும் சந்திக்க வழியில்லை. சாக்லெட் கட்டி, சினைப்பையிலுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அழற்சியால் வயிற்றறையில் தேங்கும் நீர் முட்டைக்கும் உயிரணுவுக்கும் பகையாகிறது. கருப்பையின் உட்படலமே கருவை ஏற்றுக்கொள்ளும் பக்குவத்தில் குறைந்துவிடுவதும் உண்டு. உறவின்போது உண்டாகும் வலியால் தம்பதிகள் விலகியிருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; வெளியே சொல்ல முடியாத இந்தத் துயரத்தினால் எத்தனையோ இல்லறங்கள் கசந்திருக்கின்றன.

இதில் விசித்திரம் என்னவென்றால், வலியின் அளவும் வியாதியின் அளவும் ஒத்திருப்பதில்லை. டாக்டர்கள் இதை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதற்படியில் இருப்பவள் துடிதுடிப்பாள். நான்காம் படியில் இருப்பவள் வலியே அறியாமல், குழந்தை இல்லையே என்று பரிசோதிக்கும்போதுதான் வியாதியை அறிவாள். ஆகவே, "அழுகிறவள் நடிக்கிறாள்" என்பதும் பிசகு. "வலியில்லாதவளுக்கு வியாதியில்லை" என்பதும் பிசகு.

குழந்தை இல்லாத வீட்டில் முதல் அம்பு பெண்ணின் மேல்தான் பாய்கிறது. "மலடி" என்ற சொல் நம் பாஷையில் எவ்வளவு தாராளமாக வழங்குகிறது! ஆனால் குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில், தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, ஆணிடத்திலும் குறை காணப்படுகிறது. ஆணுக்குச் செய்யும் பரிசோதனை மிக எளிது. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. பெண்ணை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துச் செல்லும் முன்பு கணவன் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதே நியாயம். சாதாரணமாக ஒரு வருஷம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம்; மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். இந்த வியாதி இருப்பது முன்பே தெரிந்திருந்தால், அவ்வளவு நாளும் காத்திருக்க வேண்டியதில்லை.

சிகிச்சையில் இரு பாதைகள்

இந்த வியாதியை அடியோடு வேரறுக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம், வலியைத் தணிக்கலாம், குழந்தைப் பேற்றுக்கு வழி செய்யலாம். வலி தணிவதற்கு ஒரு பாதை, குழந்தைக்கு வேறொரு பாதை என்பதை மட்டும் தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்மோன் மாத்திரைகள் வலியை நன்றாக அடக்குகின்றன. ஆனால் அவை பொதுவாக மாதாந்தர முட்டை வெளிப்படுவதைத் தடுப்பவையாதலால், சாப்பிடும் காலத்தில் கர்ப்பத்தை எதிர்பார்க்க முடியாது. நிறுத்திய பிறகும், அவற்றால் கருத்தரிக்கும் சக்தி கூடுவதில்லை. குழந்தையை விரும்பும் பெண், முதலிலேயே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்கு இம்மாத்திரைகளைக் கொடுத்தால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற பயமும் ஆதாரமற்றது. மாத்திரையை நிறுத்தினால் அதன் தடையும் நீங்கிவிடும்.

அடுத்தது ரண சிகிச்சை. கானடா தேசத்தில் முதல் இரண்டு படிகளில் இருந்த 341 பெண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1997-இல் வெளியாயிற்று. லாப்ராஸ்கோபி மூலம் படிவங்களை நீக்கப்பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேரும், நீக்காமல் பார்த்ததோடு விட்டவர்களில் சுமார் 18 பேரும் முப்பத்தாறு வாரங்களில் கர்ப்பம் தரித்தார்கள். 1999-இல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றிலோ இந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் அது சிறியது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டு, ஆரம்ப நிலையில் ரண சிகிச்சையால் ஓரளவு நன்மை உண்டு என்றே நிபுணர்கள் கொள்கிறார்கள். ஆனால் சினைப்பைக் கட்டியை அறுத்து நீக்கும்போது, அதைச் சுற்றியுள்ள நல்ல முட்டைகளும் கொஞ்சம் நஷ்டமாகலாம். இருபக்கமும் கட்டி இருப்பவர்களும், இரண்டாம் முறை அறுவைக்குப் போகிறவர்களும், "என் முட்டை இருப்பு எவ்வளவு? முன்கூட்டிச் சில முட்டைகளைப் பத்திரப்படுத்தலாமா?" என்று கேட்டுவிட்டுச் சம்மதிப்பது நல்லது.

ஆசிரியர்களுக்குப் பிடித்தமான மதிப்பெண் முறை ஒன்றும் இதில் உண்டு. 2010-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அந்த முறையில், பெண்ணின் வயது, குழந்தைக்காகக் காத்திருந்த வருஷங்கள், முன்பு கர்ப்பம் தரித்ததுண்டா என்பது, ரண சிகிச்சைக்குப் பின் உறுப்புக்கள் உள்ள நிலை ஆகியவற்றுக்கு எண் கொடுத்து, பத்துக்கு இத்தனை என்று கூட்டுகிறார்கள். மதிப்பெண் அதிகமானால் சில காலம் இயற்கையாகவே காத்திருக்கலாம். குறைவானால் காலத்தை வீணாக்காமல் சோதனைக் குழாய் முறையை நாடலாம்.

சோதனைக் குழாய் முறையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வங்காளியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியவர்களின் முயற்சியால் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் இரண்டாவது குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கும் கருக்குழாய்தான் கெட்டிருந்தது. ஆனால் அவருடைய சாதனையை அரசாங்கம் நியமித்த குழு நம்பவில்லை. அவமானம் தாங்காமல் 1981-இல் அவர் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். 1997-இல் விஞ்ஞானி ஆனந்தகுமார் அவருடைய குறிப்புக்களை ஆராய்ந்து, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று உலகறியச் செய்தார். இன்று நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் தொட்டில் ஆடுவது இந்த முறையால்தான். செலவு மிகுதி, ஒரே தடவையில் பலிக்கும் என்ற நிச்சயமும் இல்லை. இத்துறையை ஒழுங்கு செய்ய 2021-இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதன்படி பதிவு பெற்ற இடந்தானா என்று விசாரித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

கர்ப்பமான பிறகு

கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நின்றுவிடுவதாலும் ஹார்மோன்கள் மாறுவதாலும் பலருக்கு வலி குறைகிறது. பாட்டியின் சீட்டுக்கு ஆதாரம் இதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் குறைவதில்லை. குறைந்தவர்களிலும் பலருக்குப் பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் திரும்பும்போது வலியும் திரும்புகிறது. மேலே சொன்ன 2022-ஆம் வருஷத்து வழிகாட்டியிலும், வியாதியைக் குணப்படுத்துவதற்காகவே கர்ப்பம் தரிக்கும்படி எந்தப் பெண்ணுக்கும் சொல்லக் கூடாது என்று கண்டிருக்கிறது. குழந்தையைக் குழந்தைக்காகவே விரும்ப வேண்டும். மாத்திரைக்குப் பதிலாக விரும்பலாகாது.

இந்த வியாதி உள்ள கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு, கரு குழாயிலேயே தங்கிவிடுதல், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல், இரத்தப்போக்கு, குறைமாதப் பிரசவம் ஆகிய அபாயங்கள் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்று வீடு திரும்புகிறார்கள். நாள் தள்ளியதும் தாமதிக்காமல் டாக்டரிடம் சென்று, ஆறு ஏழு வாரத்தில் ஸ்கேன் மூலம் கரு கருப்பையில்தான் தங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றில் கடும் வலி, இரத்தப்போக்கு, தலைசுற்றி மயக்கம் ஆகியவை கண்டால், "காலையில் பார்க்கலாம்" என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய வியாதியைப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் முக்கியம்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மகளுக்கு வரன் பார்ப்பதற்கு எத்தனை மாதம் அலைகிறோம்! அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, அவள் வலியால் படுக்கும் நாட்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் குறித்து வைத்து, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுவது பெரிய காரியமன்று. "கல்யாணத்துக்கு முன் இதையெல்லாம் காட்டினால் வெளியே தெரிந்துவிடுமே" என்று தயங்குவதனால், வியாதி காத்திருக்கப் போவதில்லை. மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்த மருமகள் மாதத்தில் மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், அது சோம்பலா வியாதியா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டாக்டரேயன்றி நாம் அல்ல. கணவன்மாருக்குச் சொல்ல வேண்டியதும் அதிகம் இல்லை: ஆஸ்பத்திரியில் மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் பத்திரிகை படிக்காமல், கூடவே சென்று டாக்டர் சொல்வதைக் காதால் கேட்கட்டும்.

வலி என்று ஒரு பெண் சொன்னால், அவள் சொல்வதை முதலில் நம்ப வேண்டும். மற்ற வைத்தியமெல்லாம் அதற்குப் பிறகுதான். தாய்மார்களும் தந்தைமார்களும் இதைக் கவனிப்பார்களாக.